ஒரு பில் இரண்டு முறை பதிந்தால்...



"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பெரியவர்கள் வாக்கு. அளந்து போட்டதை எழுதி வை என்பது வணிகனுக்கு மட்டும் உரிய அடுத்த விதி. எழுதியதையே இன்னொரு முறை எழுதிவிடாதே என்று மூன்றாவது விதி ஒன்றும் உண்டு. முதல் இரண்டையும் நாம் இன்றும் காப்பாற்றி வருகிறோம். மூன்றாவதைத்தான் மெல்ல மெல்லக் கைவிட்டு வருகிறோம். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பே இதற்குக் காரணம். அது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்பதை எங்கள் பேத்தியின் கல்லூரிப் பாடத்திலிருந்து அண்மையில் தெரிந்துகொண்டோம். தெரிந்துகொண்டதை நம் சங்கத்து உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறோம்.

விருதுநகரில் பருப்பு, பயறு வகைகளை மொத்தமாக வாங்கி விற்கும் கடை எங்களுடையது. அண்ணன், தம்பி இருவரும் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். இருவரும் அறுபதைக் கடந்துவிட்டோம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோதுதான் கையால் எழுதிய பேரேட்டை மூடிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறினோம். மாறியதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஆனால் மாறிய இரண்டாம் ஆண்டிலேயே ஒரு நல்ல வாடிக்கையாளரை இழந்தோம். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாலு பேர் முன்னால் கேட்ட பாக்கி

சாத்தூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி அவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் எங்களிடம்தான் கொள்முதல். 2018 டிசம்பரில் ஒரு மாலை துவரம் பருப்பு 4 மூட்டையும் உளுந்தம் பருப்பு 3 மூட்டையும் கேட்டு ஆள் அனுப்பினார். அப்போது மின்சாரம் இல்லை. கையால் பில் எழுதி வண்டியில் ஏற்றிவிட்டோம். தொகை 23,650 ரூபாய். மறுவாரம் வண்டிக்காரரிடமே முழுத்தொகையையும் கொடுத்தனுப்பிவிட்டார்.

எங்கள் கடையில் நடந்தது இது. மறுநாள் காலை ஒரு பையன் கைப்பில்லைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் பதிந்தான். பில் எண் 125. மத்தியானம் வந்த இன்னொரு பையன், வண்டிக்காரர் கையெழுத்து வாங்கி வந்த சீட்டைப் பார்த்து அதே பில்லை மறுபடியும் பதிந்தான். அவன் எண்ணை 0125 என்று அடித்தான். கம்ப்யூட்டர் இரண்டையும் ஏற்றுக்கொண்டது. வந்த பணம் ஒரு பில்லுக்கு வரவானது. மற்றொரு பில் பாக்கியாக நின்றது.

பொங்கல் நெருக்கத்தில் வசூலுக்குப் போன தம்பியிடம், "சாத்தூர் பாக்கியை வாங்காமல் வராதே" என்று சொல்லியனுப்பியவர்கள் நாங்கள்தான். அவன் கடை நிறைய ஆள் நின்றுகொண்டிருந்த நேரத்தில் போய், நாங்கள் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறான். அண்ணாச்சி, "கொடுத்துவிட்டேனே" என்று ஒரு முறை சொன்னாராம். அவன் கம்ப்யூட்டர் தாளைக் காட்டினானாம். அதற்கு மேல் அவர் பேசவில்லை. கல்லாவில் இருந்ததோடு பக்கத்துக் கடையிலும் கைமாற்று வாங்கி, 23,650 ரூபாயை எண்ணிக் கொடுத்தனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு எங்களிடம் சரக்கு எடுக்கவில்லை. பாக்கி கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார் போலும் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

2019 மார்ச் 31-ஆம் தேதி கிட்டங்கியில் இருப்பு எண்ணினோம். கணக்கில் இருப்பதைவிடத் துவரை 4 மூட்டையும் உளுந்து 3 மூட்டையும் கூடுதலாக இருந்தன. குறைந்தால் திருட்டு என்று நினைப்போம். கூடினால் என்ன நினைப்பது? துவரை 4, உளுந்து 3 என்று எந்த பில் இருக்கிறது என்று தேடினோம். ஒரே தேதியில், ஒரே பெயரில், இரண்டு இருந்தன. விற்காத சரக்கை விற்றதாக எழுதி, அதற்குப் பணமும் வாங்கியிருக்கிறோம்.

அண்ணன் தம்பி இருவரும் பணத்தோடு நேரே போனோம். காப்பி கொடுத்தார். பணத்தை எண்ணிக் கல்லாவில் போட்டார். பிறகு சொன்னார்: "பணம் வந்து சேர்ந்துட்டு அண்ணாச்சி. அன்னைக்குக் கடையில நின்ன நாலு பேரை நான் எங்க போய்த் தேடுவேன்?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை. வழியில் பார்த்தால் வணக்கம் சொல்கிறோம், அவரும் சொல்கிறார். கொள்முதல் மட்டும் வேறு இடத்தில்.

ஐந்தொகை சரியாக இருந்தால் போதுமா?

இதில் வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த மூன்று மாதமும் எங்கள் கணக்கு ஒரு பைசா பிசகாமல் நேர் நின்றது. எப்படி? நாம் எல்லோரும் கடைப்பிடிப்பது இரட்டைப் பதிவு முறை. 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலி என்ற துறவி அச்சிட்டு வெளியிட்ட கணித நூலில் விளக்கப்பட்ட முறை அது. வெனிஸ் வணிகர்கள் அதற்கு முன்பே அதைக் கையாண்டு வந்தார்கள். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பற்று ஒன்று, வரவு ஒன்று. இரண்டு பக்கமும் சமமானால் கணக்கு சரி என்பது நம் நம்பிக்கை.

ஆனால் ஒரு பில்லை இரண்டு முறை பதிந்தால் பற்றும் இரண்டு முறை ஏறுகிறது, வரவும் இரண்டு முறை ஏறுகிறது. இரண்டு பக்கமும் சமமாகவே நிற்கும். இருப்பாய்வு ஒன்றும் சொல்லாது. ஐந்தொகையும் ஒன்றும் சொல்லாது. இரட்டைப் பதிவு முறையால் கண்டுபிடிக்க முடியாத பிழை இந்த இரட்டிப்புப் பதிவு. இதைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

கைப்பேரேட்டுக் காலத்தில் இதற்கு ஒரு காவல் இருந்தது. நாள்வழியிலிருந்து பேரேட்டுக்கு ஏற்றியவுடன், அந்த வரிக்கு எதிரே பேரேட்டுப் பக்க எண்ணைக் கணக்குப்பிள்ளை எழுதுவார். பக்க எண் இருந்தால் ஏற்றியாகிவிட்டது என்று பொருள். மறுபடி ஏற்ற மாட்டார். மூடிய பேரேட்டோடு அந்தப் பழக்கத்தையும் நாங்கள் மூடிவிட்டோம்.

பேத்தியின் பாடம்

எங்கள் பேத்தி கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு முதலாண்டு. பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொடுக்கிறார்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் என்பவர் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட மொழி அது. புதிதாகக் கற்பவர்களுக்கு எளிது என்பதால் இதிலிருந்து தொடங்குகிறார்களாம். ஒரு நாள் இரவு சாப்பாட்டு மேசையில் நோட்டை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். என்ன கணக்கு என்று கேட்டோம். "ஒரு லிஸ்ட் கொடுத்திருக்காங்க தாத்தா. அதுல வந்ததே திரும்ப வந்திருக்கான்னு பாக்கணும்" என்றாள். எங்களுக்குச் சாத்தூர் அண்ணாச்சி முகம் கண் முன் வந்தது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டோம்.

அவள் முதலில் எழுதியிருந்த முறை, ஒவ்வொன்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிடுவது. ஓட்டிப் பார்த்தால், கொடுத்த சரக்குப் பெயர் எல்லாமே இரட்டிப்பு என்று வந்தது. ஏன் என்று கூர்ந்து பார்த்தோம். முதல் பெயரை முதல் பெயரோடேயே ஒப்பிட்டிருக்கிறாள். தன்னைத் தானே பார்த்து "இதுவும் நானும் ஒன்று" என்று சொல்லாத பொருள் உண்டா? கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் பலரும் செய்யும் பிழையாம் இது. ஒவ்வொரு பெயரையும் அதற்குப் பின்னால் வரும் பெயர்களோடு மட்டும் ஒப்பிட வேண்டும் என்று திருத்திக்கொண்டாள்.

இந்த முறை சரியானதுதான். ஆனால் உழைப்பு அதிகம். 10 சீட்டு இருந்தால் 45 முறை ஒப்பிட வேண்டும். 1,000 சீட்டுக்கு 4,99,500 முறை. ஆண்டுக்கு 10,000 பில் போடும் கடை என்றால் 4,99,95,000 முறை. ஏறத்தாழ ஐந்து கோடி. சீட்டு பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகிறது. கம்ப்யூட்டருக்கே இது நேரம் பிடிக்கும்.

இரண்டாவது முறை நமக்குப் பழக்கமானது. சீட்டுகளை எல்லாம் வரிசைப்படுத்திவிட வேண்டும். ஒன்றுபோல் இருப்பவை தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். பிறகு ஒவ்வொரு சீட்டையும் அடுத்த சீட்டோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். அடுக்கிய பிறகு 1,000 சீட்டுக்கு 999 ஒப்பீடு. மாதக் கடைசியில் பில்களைப் பெயர்வாரியாக அடுக்கி நூல் கட்டிய கணக்குப்பிள்ளைகள் இதைத்தான் செய்தார்கள்.

மூன்றாவது முறைக்கு "செட்" என்று பெயர். காலியான ஒரு பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டை எடுத்து, இது ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் உள்ளே போடுங்கள். இருக்கிறது என்றால் அது இரட்டிப்பு. பெட்டி முழுவதையும் கிளறாமலே இருக்கிறதா இல்லையா என்று சட்டென்று சொல்லும்படி அந்தப் பெட்டியை அமைத்திருக்கிறார்கள். பெயரைக் கொண்டே எந்த அறையில் இருக்கும் என்று கணக்கிட்டு நேரே அந்த அறைக்குப் போகிறதாம். ஒவ்வொரு சீட்டையும் ஒரு முறை எடுத்துப் பார்த்தால் வேலை முடிந்தது.

இதற்கு ஒரு குறுக்கு வழியையும் அவள் காட்டினாள். துவரை, உளுந்து, கடலை, துவரை, பாசிப்பயறு, உளுந்து என்று ஆறு பெயர். இதைச் செட்டாக மாற்றினால் நான்குதான் நிற்கும். முதலில் எண்ணினால் ஆறு, பிறகு எண்ணினால் நான்கு. எண்ணிக்கை குறைந்தால் இரட்டிப்பு இருக்கிறது என்று பொருள். ஒரே வரியில் முடிந்துவிட்டது.

"இரண்டு குறைகிறதே, இரண்டு சரக்கு ஒவ்வொரு முறை கூடுதலா, ஒரே சரக்கு இரண்டு முறை கூடுதலா?" என்று கேட்டோம். யோசித்தாள். அதை இந்த வழி சொல்லாது என்றாள். இரட்டிப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டுமே இது விடை. எது, எத்தனை முறை என்று தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எண்ணிக்கை எழுதிக்கொண்டு வர வேண்டும். தவிர, செட்டுக்குள் போட்டால் எழுதிய வரிசை காப்பாற்றப்படாது. நாள்வழி எழுதுகிறவர்களுக்கு வரிசை எவ்வளவு முக்கியம் என்று சொல்லவும் வேண்டுமா?

இன்னொரு பிழையையும் அன்று பார்த்தோம். இரட்டிப்பைக் கண்டவுடனே லிஸ்டிலிருந்து நீக்கிக்கொண்டே போகும்படி எழுதினாள். சில இரட்டிப்பு தப்பித்துவிட்டது. மூன்றாவது சீட்டை உருவினால் நான்காவது சீட்டு மூன்றாம் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது. கம்ப்யூட்டரோ அடுத்ததாக நான்காம் இடத்துக்குப் போகிறது. நகர்ந்து வந்த சீட்டை அது பார்ப்பதே இல்லை. கிட்டங்கியில் இருப்பு எண்ணும்போது மூட்டையை வெளியே எடுக்கக் கூடாது என்று நாம் ஆட்களிடம் சொல்வது இதற்காகத்தானே. எண்ணும்போது எண்ணு, எடுக்கும்போது எடு.

ஒன்றுபோல் என்றால் என்ன?

இவ்வளவும் கேட்ட பிறகு எங்கள் பழைய 125, 0125 கதையைப் பேத்தியிடம் சொன்னோம். அந்த இரண்டையும் செட்டில் போட்டுக் காட்டினாள். இரண்டும் தனித்தனியாக நின்றன. எழுத்தாகப் பதிந்த எண்ணை எழுத்துக்கு எழுத்துத்தான் பார்க்குமாம். முன்னால் ஒரு பூஜ்யம் இருந்தால் அது வேறு. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தால் அது வேறு. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அடித்ததும் சின்ன எழுத்தில் அடித்ததும் வேறு வேறு.

நம் தமிழிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. "கோமதி ஸ்டோர்" என்ற பெயரில் உள்ள "கோ" என்ற எழுத்தைக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமாகப் பதிய முடியும். ஓகாரக் குறியை ஒரே குறியீடாகப் பதியலாம். இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் பதியலாம். திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உலகம் முழுவதும் எழுத்துகளுக்குக் குறியீடு வகுத்திருக்கும் யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம். ஆனால் ஒரு வடிவுக்குக் கொண்டுவராமல் அப்படியே ஒப்பிட்டால் கம்ப்யூட்டர் வேறு என்றே சொல்லும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது பாடம். பருப்பைச் சலித்துக் கல் பொறுக்கிய பிறகு நிறுப்பதுபோல.

ஒன்றை இரண்டு என்று சொல்வது ஒரு பக்கம். இரண்டை ஒன்று என்று சொல்வதும் உண்டு. அதையும் அனுபவித்துவிட்டோம். 2022 தீபாவளிக்கு முந்தைய வாரம். அருப்புக்கோட்டையில் கடை நடத்தும் ஓர் அம்மா காலையில் துவரை 2 மூட்டை எடுத்தார். விற்பனை மும்முரத்தில் அன்று மாலையே மறுபடியும் 2 மூட்டை எடுத்தார். ஒவ்வொன்றும் 11,000 ரூபாய். சாத்தூர் அனுபவத்தால் பயந்துபோயிருந்த எங்கள் வீட்டுப் பையன், பாக்கிப் பட்டியலை எக்செல் தாளுக்கு எடுத்து, தேதி, பெயர், சரக்கு, தொகை நான்கும் ஒன்றாக இருந்தால் இரட்டிப்பை நீக்கு என்று பொத்தானை அழுத்திவிட்டான். பில் எண்ணை ஒப்பிடச் சொல்ல மறந்துவிட்டான். முதல் வரியை வைத்துக்கொண்டு மற்றதை அது நீக்கிவிட்டது. அது செய்தது அதற்குச் சொன்னபடிதான்.

அந்த அம்மா பாக்கி கொடுக்க வந்தபோது தம் நோட்டைப் பிரித்து, "ரெண்டு தடவை சரக்கு எடுத்தேன். ஒரு தடவைதான் போட்டிருக்கீங்க" என்றார். 22,000 ரூபாயையும் வைத்துவிட்டுப் போனார். அவர் நேர்மைதான் எங்கள் 11,000 ரூபாயைக் காப்பாற்றியது. எக்செல் தாள் காப்பாற்றவில்லை, நாங்களும் காப்பாற்றவில்லை.

எது அடையாளம்?

ஆகவே இரட்டிப்பைத் தேடுவதற்கு முன், எதை வைத்து ஒன்று என்று சொல்லப்போகிறோம் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். கடைப் பெயர் போதாது. லட்சுமி ஸ்டோர் இல்லாத ஊர் உண்டா? தொலைபேசி எண்ணும் போதாது. ஒரே முதலாளி இரண்டு கடைக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கிறார்.

பதிவு பெற்ற வணிகர்களுக்கு ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது. 15 எழுத்து. முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் வருமான வரி பான் எண். ஆனால் ஒரே மாநிலத்தில் கிளைகள் இருந்தால் ஒரே எண்ணில் எல்லாக் கிளைகளும் நடக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. பதிவு எண் இல்லாத சிறு கடைகளுக்கு நாமே ஒரு கணக்கு எண் கொடுத்து, அதை மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

பில்லுக்கு அடையாளம் பில் எண். ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண் 16 எழுத்துக்கு மிகாமல், ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராததாக இருக்க வேண்டும். அடுத்த நிதியாண்டில் மறுபடி 1-இலிருந்து தொடங்கலாம். ஆகவே கொள்முதல் பில்லுக்கு விற்றவரின் ஜி.எஸ்.டி. எண், நிதியாண்டு, பில் எண் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் அடையாளம். மூன்றும் ஒன்றானால் சந்தேகப்படலாம். கொள்முதல் பில்லை இரண்டு முறை பதிந்து உள்ளீட்டு வரியை இரண்டு முறை எடுத்துக்கொண்டால், பின்னால் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்பதை உங்கள் ஆடிட்டரும் சொல்வார்.

எங்கள் கருத்து

கம்ப்யூட்டரே வேண்டாம், பழைய பேரேடே நல்லது என்று சொல்வோர் நம் சங்கத்தில் சிலர் உண்டு. அவர்கள் கட்சியில் நாங்கள் இல்லை. பத்தாயிரம் பில்லைக் கண் இமைக்கும் நேரத்தில் ஒப்பிட எந்தக் கணக்குப்பிள்ளையாலும் முடியாது. எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று சொல்வோர் பலர் உண்டு. அவர்கள் கட்சியில் முன்பு இருந்தோம், இப்போது இல்லை. ஒன்றுபோல் இருப்பவற்றை அது எடுத்துக் காட்டும். அந்த இரண்டும் ஒரே சரக்கா, இரண்டு தடவை போன சரக்கா என்பது மூட்டையை ஏற்றிவிட்டவருக்கும் இறக்கி வைத்தவருக்கும்தான் தெரியும். ஆகவே தேடும் வேலையை அதனிடம் கொடுப்போம். தீர்ப்பை நம் கையில் வைத்துக்கொள்வோம்.

எங்கள் கடையில் இப்போது கடைப்பிடிக்கும் நான்கு விதிகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, வாசலிலேயே கேட்பது. பில்லைப் பதியும்போதே, இது ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டு நிறுத்தும்படி மென்பொருளை அமைத்திருக்கிறோம். உள்ளே போனபின் தேடுவதைவிட இது எளிது. பில் எண்ணை எப்படி அடிக்க வேண்டும், பூஜ்யம் போட வேண்டுமா வேண்டாமா என்பதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

இரண்டாவது, நீக்காமல் குறிப்பது. மாதம் ஒரு முறை இரட்டிப்புத் தேடுகிறோம். சந்தேகம் உள்ளதற்கு எதிரே குறி மட்டும் விழும். பில் நகல், வண்டிச் சீட்டு இரண்டையும் பார்த்து, தேவையானால் வாடிக்கையாளரையும் கேட்ட பிறகே முடிவு.

மூன்றாவது, அடித்தாலும் தெரிய அடிப்பது. பழைய பேரேட்டில் சுரண்டி அழிக்க மாட்டோம்; கோடு போட்டுக் கையெழுத்து வைப்போம். இப்போதும் தவறான பதிவை அழிக்காமல் எதிர்ப்பதிவு போடுகிறோம். 2023 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல், கம்பெனிகள் ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும் என்று கம்பெனிச் சட்ட விதி சொல்கிறது. நம்மைப் போன்ற தனிக் கடைகளுக்கும் கூட்டுக் கடைகளுக்கும் அந்த விதி பொருந்தாது. நல்ல பழக்கம் எல்லோருக்கும் பொருந்தும்.

நான்காவதுதான் எங்களுக்கு முக்கியமானது. வசூலுக்கு ஆள் அனுப்புவதற்கு முன், அந்தப் பாக்கி இரட்டிப்பா என்று பார்த்துவிட்டு அனுப்புவது. வாடிக்கையாளர் "கொடுத்துவிட்டேன்" என்று சொன்னால், தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டாமல், "பார்த்துச் சொல்கிறோம் அண்ணாச்சி" என்று திரும்பி வரும்படி தம்பிகளிடம் சொல்லியிருக்கிறோம். இரண்டு நாள் தாமதமானால் குடிமுழுகிப் போகாது.

சிறு கடைக்காரர்களுக்கும் ஒரு சொல். உங்கள் கடையில் கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் அருப்புக்கோட்டை அம்மாபோல ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, சரக்கு, தொகை, கொடுத்த பணம். நான்கு வரி போதும். மொத்தக் கடையின் தாளை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். நாங்கள் மொத்த வியாபாரிகள், நாங்களே சொல்கிறோம். அந்த நோட்டு உங்களையும் காக்கும், எங்களையும் காக்கும்.

நம் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் கடைப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பாடத்தை மட்டும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தால் நன்றாக இருக்கும். ஒரு பட்டியலில் வந்ததே திரும்ப வந்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி, பார்த்த பிறகு என்ன செய்வது. ஒரு மணி நேரம் போதும். பேத்தி வந்து சொல்லிக்கொடுக்கிறேன் என்கிறாள். சாத்தூர்க் கதையை நாங்கள் வந்து சொல்கிறோம்.

பணத்தில் வந்த பிழையைப் பணத்தால் திருத்திவிடலாம். சொல்லில் வந்த பிழையைத் திருத்த, அன்று கடையில் நின்ற நாலு பேரையும் மறுபடி கூட்ட வேண்டும். அது யாராலும் ஆகாது. ஆகவே கேட்பதற்கு முன் ஒரு முறை பார்ப்போம்.